பின் டைப்பா, ஸ்க்ரூ டைப்பா?

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவண்ணாமலை மாட வீதியை ஒட்டிய எலெக்ட்ரிக்கல் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. பத்து நாள் தீபத் திருவிழா வருகிறது. லாட்ஜ்காரர், மண்டபக்காரர், வீட்டுக்காரர் என எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பல்பு வேண்டும். அந்த நெரிசலுக்குள் ஒரு பையன் தலையை நீட்டுகிறான்.

"அண்ணே, ஒம்போது வாட் எல்இடி ஒண்ணு."

"பின் டைப்பா, ஸ்க்ரூ டைப்பா தம்பி?"

பையன் முழிக்கிறான். "சாதா பல்புதாண்ணே."

கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. பின் டைப் ஒன்றை எடுத்து, டெஸ்டிங் போர்டில் மாட்டி எரியவிட்டுக் காட்டி, கழற்றிக் கையில் கொடுக்கிறார். தமிழ்நாட்டில் சாதா பல்பு என்றால் பின் டைப்தான். கொழும்பிலிருந்து கிரிவலத்துக்கு வந்த குடும்பம் இதே பல்பை வாங்கிப்போய் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். லண்டன்காரர்களுக்கும் இது பழகியதுதான். டொரன்டோவிலும் பெர்லினிலும் வளர்ந்த பேரப்பிள்ளைகள்தான் இதைக் கையில் வாங்கி, மரை எங்கே என்று தேடுவார்கள்.

அந்தப் பல்பின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வழவழப்பான உலோக உருளை. பக்கவாட்டில் எதிரெதிராக இரண்டு சின்ன முளைகள். பழைய குண்டு பல்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்புக் கண்ணாடியும், அதில் இரண்டு ஈயப் பொட்டுகளும் தெரியும்; இன்றைய எல்இடியில் கண்ணாடிக்குப் பதில் பெரும்பாலும் பிளாஸ்டிக். மின்சாரம் போவதும் வருவதும் அந்த இரண்டு பொட்டுகள் வழியாகத்தான். பக்கத்து முளைகள் வெறும் பிடிமானத்துக்கு. அவற்றில் மின்சாரம் ஓடாது. ஹோல்டருக்குள் இரண்டு பித்தளைக் குச்சிகள் ஸ்பிரிங்கின்மேல் நிற்கின்றன. பல்பை அமுக்கினால் அவை உள்ளே இறங்கும். சற்றே திருப்பினால் முளைகள் பள்ளத்தில் உட்காரும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் பல்பை வெளியே தள்ளப் பார்க்கும். பல்பை விழாமல் பிடித்திருப்பது அந்தத் தள்ளல்தான். தள்ளல் போய்விட்டால், அதாவது வருடக்கணக்கில் சூடு பட்டு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், பல்பு மினுக் மினுக்கென்று கண்சிமிட்டும். ஹோல்டருக்குள்ளிருந்து கறுகல் வாசம் வரும். அப்போது மாற்ற வேண்டியது ஹோல்டரை. பலர் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த வகைக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயர் பி22. 'பி' என்றால் துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டும் அந்த அமுக்கித் திருப்பும் முறை, 22 என்றால் உருளையின் விட்டம் மில்லிமீட்டரில். ஸ்க்ரூ டைப் பல்பில் 'ஈ27' என்று இருக்கும். 'ஈ' எடிசனைக் குறிக்கிறது, 27 மரையின் வெளிவிட்டம். ஸ்கேல் இல்லையென்றால் சில்லறையை எடுங்கள். பத்து ரூபாய்க் காசின் விட்டம் சரியாக 27 மில்லிமீட்டர். 2011-இல் ரூபாய்க் குறியோடு வந்த ஒரு ரூபாய்க் காசு ஏறக்குறைய 22. (2019-க்குப் பின் வந்த ஒரு ரூபாய் இன்னும் சின்னது, அது உதவாது.) இந்த எழுத்து, எண், அளவு எல்லாவற்றையும் உலகம் முழுக்க ஒரே மாதிரி வரையறுத்து வைத்திருப்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60061 என்ற தரநிலை. நம் ஊரில் பி22 ஹோல்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 1258 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது.

ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு முறை? விடை 1880-களில் இருக்கிறது. அமெரிக்காவில் எடிசனும் இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இழை விளக்கைப் பிடித்தார்கள். பல்பு எரிந்தது, அதை எங்கே மாட்டுவது? ஸ்வானின் ஆரம்பகால பல்புகளில் பேஸே கிடையாது. கண்ணாடிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பிளாட்டினக் கம்பி வளையங்களை இரண்டு கொக்கிகளில் மாட்டித் தொங்கவிட்டார்கள். எடிசன் 1881 வாக்கில் மரை வைத்த பேஸுக்கு வந்துவிட்டார். மண்ணெண்ணெய் டப்பாவின் திருகு மூடியைப் பார்த்துத்தான் அவருக்கு அது தோன்றியது என்று ஒரு கதை சொல்வார்கள். இங்கிலாந்தில் ஸ்வானின் தம்பி ஆல்ஃபிரட் ஸ்வான் அந்தக் கறுப்புக் கண்ணாடி இன்சுலேட்டரை உருவாக்கினார். அமுக்கித் திருப்பும் பேஸ் அதோடு சேர்ந்து அங்கே வேரூன்றியது. 1883-இல் இங்கிலாந்தில் எடிசன், ஸ்வான் நிறுவனங்கள் ஒன்றாகி எடிஸ்வான் ஆன பிறகும் அந்த நாட்டு வீடுகளில் ஜெயித்தது ஸ்வான் பக்கத்து பேஸ்தான். இந்தியாவுக்கு மின்சாரம் பிரிட்டிஷ் சாமான்களோடு வந்தது. ஒயர், சுவிட்சு, ஹோல்டர் எல்லாம் அங்கிருந்து வந்தபோது பல்பின் பேஸும் கூடவே வந்தது. நம் மூன்று உருண்டைக் கால் பிளக்கும் அதே வழியில் வந்ததுதான். பிரிட்டன் 1947-இல் சதுரக் கால் பிளக்குக்கு மாறிவிட்டது, நாம் மாறவில்லை.

நல்ல பேஸுக்கு இரண்டு வேலை உண்டு. சரியான பல்பைப் பிடித்துக்கொள்வது ஒன்று, தப்பான பல்பை உள்ளே விடாமல் மறுப்பது இன்னொன்று. முதல் வேலையைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம். இரண்டாவதுதான் எனக்குச் சுவாரஸ்யமானது.

பிடிப்பதில் இரண்டும் கெட்டி, ஆனால் இரண்டின் குணம் வேறு. பின் டைப் அதிர்வுக்கு அசையாது. அதனால்தான் வண்டிகளில் காலங்காலமாக அந்த முறைதான். ஸ்க்ரூ டைப் அதிர்ந்தால் மெல்லக் கழன்றுகொள்ளும். ஆனால் பாரமான பல்பை அது பி22-ஐவிட நன்றாகத் தாங்கும், மின்தொடர்பும் அழுத்தமாக இருக்கும். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஸ்க்ரூ பல்பில் நடுமுனை ஒரு தொடர்பு, மரையே இன்னொரு தொடர்பு. ஒயரிங் ஒழுங்காக இருந்தால் நடுமுனைக்கு ஃபேஸ், மரைக்கு நியூட்ரல். மாறிப்போயிருந்தால் மரை முழுக்க ஃபேஸ் நிற்கும்; பல்பைத் திருகும்போது விரல் பட்டால் ஷாக். பின் டைப்பில் இந்தப் பேச்சே இல்லை, எந்தக் கால் எந்தப் பக்கம் என்று அதற்குக் கவலையில்லை. நம் ஊரில் ஒயரிங் யார் யார் கையாலோ நடக்கிறது. அந்த வகையில் பின் டைப் நமக்கு வாய்த்தது நல்லதற்கே என்பது என் கட்சி.

மறுப்பதில்தான் ஸ்க்ரூ டைப் சறுக்குகிறது. ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் ரோட்டுப் பக்கத்தில் வெளிநாட்டவர் மாதக்கணக்கில் தங்கும் வீடுகள் நிறைய. தாள் விளக்கு, மூங்கில் ஷேடு, மேஜை விளக்கு என்று ஆசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அலங்கார ஃபிட்டிங் என்றாலே பெரும்பாலும் ஈ27. ஜெர்மனியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பல்பு இங்கே நிம்மதியாக எரியும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்கக்காரர் கொண்டுவரும் பல்பின் பெயர் ஈ26. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், நம் ஹோல்டரில் திருகினால் ஏறிவிடும். ஆனால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. மின்தடை அப்படியே இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 230-ஐ 120-ஆல் வகுத்து வர்க்கம் எடுக்க வேண்டும். மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி பாய்கிறது. இழை பல்பானால் பளீரென்று ஒரு வெளிச்சம் அடித்து முடிந்துவிடும். எல்இடியானால் கழுத்துக்குள்ளிருக்கும் கெபாசிட்டர் வெடிக்கும். மரை தடுக்கவில்லை. கழுத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வோல்ட்டைப் படித்தவருக்குத்தான் பல்பு மிச்சம்.

இதற்கு நேர்மாறாகக் கறாராக மறுக்கும் பேஸ்களும் உண்டு. பாதரச ஆவி விளக்குகள் புழக்கத்தில் இருந்த காலத்தில் 80, 125 வாட் பல்புகளுக்கு இரண்டு முளை இல்லை, மூன்று. அவற்றுக்குத் தனியாக சோக் வேண்டும். வீட்டு ஹோல்டரில் நேராக மாட்டிவிடக் கூடாதே என்று மூன்றாவது முளை. மோட்டார் சைக்கிளின் பின்விளக்கைக் கழற்றிப் பாருங்கள். இழை பல்பு என்றால் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. உள்ளே இரண்டு இழைகள்: பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். திருப்பி மாட்டினால் பிரேக் பிடிக்கும்போது மங்கி, சும்மா போகும்போது பளிச்சென்று எரியும். அது நடக்க முளை விடாது. சன்னதித் தெரு நகைக்கடை ஷோகேஸில் பார்க்கும் குட்டி ஸ்பாட் லைட்டிலும் இதே தந்திரம்தான். ஊசிபோல் மெலிந்த இரண்டு கால், நடுவே 5.3 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அது 12 வோல்ட், டிரான்ஸ்பார்மர் வேண்டும். தடித்த குட்டைக் கால், 10 மில்லிமீட்டர் இடைவெளி, மாட்டித் திருப்ப வேண்டும் என்றால் அது நேரடி 230 வோல்ட். முகம் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று மற்றதன் ஹோல்டரில் ஏறாது. கடையில் கேட்கும்போது எம்ஆர்16 என்பார்கள். அந்த 16, கண்ணாடி முகத்தின் விட்டம் அரைக்கால் இஞ்ச் கணக்கில். பதினாறு அரைக்கால், இரண்டு இஞ்ச்.

சில மறுப்புகள் திருட்டுக்கு எதிரானவை. நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு காலத்தில் இடதுபக்கம் திருகும் மரை வைத்த பல்புகளைப் போட்டார்கள். கழற்றிக் கொண்டுபோனாலும் வீட்டில் ஏறாது. நம் ரயில் பெட்டிகளில் விளக்கு முன்பு 24 வோல்ட், பிறகு 110 வோல்ட். அதற்குக் காரணம் பாட்டரியும் ஜெனரேட்டரும்தான் என்றாலும், ரயில் பல்பை உருவியவன் வீட்டில் அது ஒரு நொடிகூட எரியாது.

கிரிவலப் பாதைக்கு வருவோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் நடக்கும் 14 கிலோமீட்டர். தெருவிளக்கு மஞ்சளாக எரிந்த காலத்தை நாற்பது வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது சோடியம் ஆவி. 70 வாட் என்றால் ஈ27, 250, 400 வாட் என்றால் ஈ40: கைக்கு அடங்காத தடித்த மரை, பீங்கான் ஹோல்டர். பீங்கான் எதற்கு என்றால் சூடு மட்டும் காரணமில்லை. சோடியம் விளக்கு சும்மா எரியத் தொடங்காது. இக்னைட்டர் என்ற குட்டிப் பெட்டி மூன்று, நான்கு ஆயிரம் வோல்ட்டில் சிறு சிறு அடியாகக் கொடுத்துத்தான் உள்ளே இருக்கும் வாயுவை எழுப்ப வேண்டும். அந்த அடி பல்பின் நடுமுனை வழியாகப் போகும். சாதாரண ஹோல்டரானால் அங்கேயே பொறி பறந்து பொசுங்கிவிடும். மரை பெரிதாக இருப்பது பல்பின் பாரத்துக்கு, பீங்கானும் உள் இடைவெளியும் அந்த ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு.

ராஜகோபுரத்தில் சரம் சரமாக இறங்கும் சீரியல் செட்டுக்கு வேறு கணக்கு. 217 அடி, பதினோரு நிலை. பழைய செட்டில் ஒரு மணி பல்புக்கு 6 வோல்ட் தாங்கும் சக்தி. 230-ஐ ஆறால் வகுத்தால் முப்பத்தெட்டு. அத்தனை பல்புகளை வரிசையாகக் கோத்தால் நேரே மெயினில் சொருகலாம், டிரான்ஸ்பார்மர் தேவையில்லை. விலை மலிவுக்கு அதுதான் காரணம். வினையும் அதில்தான். ஒன்று போனால் சரமே போகும். எது போனது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நல்ல பல்பு ஒன்றைச் செருகிச் செருகிப் பார்க்க வேண்டும். பல்பின் பேஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை, இரண்டு கம்பி மடித்துவிட்டிருக்கும், அவ்வளவே. வெளிநாட்டுச் செட்டுகள் சிலவற்றில் இழைக்குக் கீழே ஒரு மெல்லிய கம்பி சுற்றியிருப்பார்கள். இழை அறுந்ததும் முழு வோல்ட்டும் அங்கே வந்து நிற்கும். கம்பியின் மேல்பூச்சு எரிந்து, மின்சாரம் அதன் வழியே போய்விடும், சரம் அணையாது. ஆனால் மிச்சப் பல்புகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் வோல்ட் கூடும். கவனிக்காமல் விட்டால் அடுத்தடுத்து வேகமாகச் சாகும்.

சாமி உருவம் ஓடி ஓடி எரியும் பெரிய கட்அவுட்டுகளுக்குப் பின்னால் முன்பு ஒரு மர உருளை இருக்கும். அதன்மேல் செப்புத் தகடுகளை வெட்டி ஒட்டியிருப்பார்கள். மோட்டார் உருளையைச் சுற்றும், தகடு தொட்ட வரிசை எரியும். செட்டுக்காரர் தகட்டை வெட்டும் விதத்தில்தான் மயில் தோகை விரிக்கும். இன்று அந்த இடத்தில் ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அந்த உருளைமேல்தான் மரியாதை.

வீட்டுக்குள் கடைசியாக மிஞ்சிய பழைய பேஸ் டியூப் லைட்டுடையது. இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கால், 13 மில்லிமீட்டர் இடைவெளி, பெயர் ஜி13. தடித்த 40 வாட் டியூப் 38 மில்லிமீட்டர் பருமன். பின்னால் வந்த 36 வாட் டியூப் 26 மில்லிமீட்டராக இளைத்தது, ஆனால் காலையும் நாலடி நீளத்தையும் மாற்றவில்லை. அதனால் பழைய பட்டியிலேயே ஏறிக்கொண்டது. இன்னும் மெலிந்த 16 மில்லிமீட்டர் டியூப்புக்குக் கால் இடைவெளி 5 மில்லிமீட்டர், நீளமும் கொஞ்சம் குறைவு. பழைய பட்டியில் ஏறாது, அதற்கு எலெக்ட்ரானிக் சோக் வேண்டும் என்பதால் ஏறவும் கூடாது. இதுவரை ஒழுங்கு. எல்இடி டியூப் வந்ததும் ஒழுங்கு குலைந்தது. ஜி13 கால் வைத்தே எல்இடி டியூப் விற்கிறார்கள். சிலதில் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையில், சிலதில் முனைக்கு ஒன்று. பட்டியில் சோக்கும் ஸ்டார்ட்டரும் அப்படியே இருக்கலாமா, ஸ்டார்ட்டருக்குப் பதில் உடன் கொடுத்த டம்மியைப் போடுவதா, எல்லாவற்றையும் கழற்றி நேரடி ஒயர் கொடுப்பதா என்பதை டியூப்போடு வரும் தாளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். காலைப் பார்த்து ஒன்றும் தெரியாது. முனைக்கு ஒன்று வகையில் இன்னொரு வம்பு: ஒரு முனையை மாட்டிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்திருக்கும்போது மின்சாரம் டியூப் வழியே வந்து விரலைத் தொடலாம். மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, நியூட்ரலில் சுவிட்சு வைத்த வீடுகள் ஊரில் ஏராளம்.

பி22-க்கு வந்தது வேறு வகைக் கஷ்டம். 2015 ஜனவரி 5-ஆம் தேதி தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் எல்இடி பல்புகள் நாடு முழுக்கப் போயின. அரசு நிறுவனம் வாங்கிய விலை 2014-இல் பல்பு ஒன்றுக்கு 310 ரூபாய், 2016-இல் 38 ரூபாய். ஒரு ஹோல்டரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பது இந்த வேகத்துக்குப் பெரிய காரணம். ஆனால் குண்டு பல்புக்குச் செய்த இடத்தில் எல்இடி குடியேற, டிரைவர் என்ற மின்சுற்று முழுவதையும் அந்தக் குறுகிய கழுத்துக்குள் திணிக்க வேண்டியிருந்தது. 100 வாட் குண்டு பல்பு தன் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாக்காது, மீதி வெப்பம்; ஆனாலும் இழைக்கு அந்த வெப்பம் வேண்டும். எல்இடிக்கு வெப்பம் ஆகாது. டிரைவரில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏற ஏறப் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் கைக்கணக்கு. மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் தலைகீழாக மாட்டிய 9 வாட் எல்இடி ஒரு வருடத்தில் போய்விட்டது என்று கடையில் சண்டை போடுபவர்கள், எல்இடி சிப்பைச் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் செத்திருப்பது கழுத்துக்குள் இருக்கும் அந்தக் கெபாசிட்டர். அதே பல்பைத் திறந்த பேட்டன் ஹோல்டரில் போட்டிருந்தால் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.

சாமி படத்துக்கு மேல் எரியும் சிவப்பு ஜீரோ வாட்டும் பி22-தான். பெயர்தான் ஜீரோ, பழைய இழை பல்பு 15 வாட் வரை தின்னும். இரவு முழுக்க எரியவிட்டால் இன்றைய 9 வாட் எல்இடியைவிடச் செலவு அதிகம். அதை அரை வாட் எல்இடிக்கு மாற்றிய வீடுகளில் சாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

புதிதாகக் கட்டும் லாட்ஜ்களில் இப்போது ஹோல்டரே இல்லை. ஃபால்ஸ் சீலிங்கில் வட்டமாக ஓட்டை போட்டு, வட்டப் பேனலை உள்ளே தள்ளி, இரண்டு ஸ்பிரிங் காதுகளால் நிறுத்துகிறார்கள். கடைக்காரர் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது: "கட்டிங் எவ்ளோ? மூணு இஞ்சா, நாலு இஞ்சா?" பேனலில் முதலில் போவது பெரும்பாலும் சிப் அல்ல, மேலே ஒளிந்திருக்கும் டிரைவர் டப்பா. அதை மட்டும் மாற்றலாம் என்று போனால், ஒரு கம்பெனியின் குட்டி பிளக் இன்னொரு கம்பெனி பேனலில் சேராது. பிளக் சேர்ந்தால்கூட மில்லி ஆம்பியர் ஒத்துப்போக வேண்டும். 300 என்று எழுதிய பேனலுக்கு 600 டிரைவரைக் கொடுத்தால் பேனல் சீக்கிரம் கருகும். எல்இடி பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தப் பொது விதிகள் வகுக்க 2010-இல் ஸாகா என்ற பெயரில் கம்பெனிகள் ஒரு கூட்டமைப்பு கண்டன. அதன் விதிகள் தெருவிளக்குவரை வந்திருக்கின்றன, லாட்ஜ் அறையின் வட்டப் பேனலுக்கு இன்னும் எட்டவில்லை. அதுவரை செத்த டிரைவரைக் கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள். முடிந்தால் பேனலையும் கழற்றி எடுத்துப்போங்கள். டெஸ்டிங் போர்டில் சொருகிப் பார்க்காமல் கடைக்காரர் காசு வாங்க மாட்டார்.